ஜூலுக் கதையைத் தமிழுக்கு எடுக்க ஆங்கிலம் நடுவில் வேண்டுமா? (சிறுவர் நூல், தொல்குடி எழுத்து, உரிமை, அச்சு)

#1 சனிவகுப்பு
எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பக்கம் நடக்கும் ஒரு சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குச் சின்னதாக ஒரு நூலடுக்கு அமைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு 8 முதல் 11 வயது. தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். வீட்டில் ஆங்கிலம், பள்ளியில் ஜூலு ஒரு பாடம். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் வரும் ஊரும் வண்டியும் அவர்கள் பார்த்ததில்லை. இங்குள்ள கதையோ தமிழில் இல்லை.

திட்டம்: 10 தலைப்பு, ஒவ்வொன்றும் 16 பக்கம், தலைப்புக்கு 60 பிரதி. விற்பனை கிடையாது. பாதி ஜூலுக் கதை. மீதி இந்நாட்டுத் தொல்குடியான சான் மக்கள், நியூசிலாந்தின் மாவோரி, கனடாத் தொல்குடியினர் என்று ஜூலுவுக்கு வெளியிலிருந்து. என் கேள்விகள் நாலு: எதை அனுமதி கேட்காமல் மொழிபெயர்க்கலாம்? ஜூலுவிலிருந்து நேராகவா, ஆங்கிலம் வழியாகவா? நாக்கைச் சொடுக்கும் ஒலிகளைத் தமிழில் எப்படி எழுதுவது? அச்சில் எது கெடும்?

#2 நூலடுக்கு
முதல் கேள்வியை முடித்துவிட்டு மற்றதுக்குப் போங்கள். நாட்டார் கதை என்றால் யாருக்கும் சொந்தமில்லை என்று நினைத்துக்கொண்டு யாரோ எழுதிய புத்தகத்தை அப்படியே தமிழாக்குவதுதான் எல்லாரும் செய்யும் முதல் தப்பு. கதை பொது, அதை ஒருவர் திருப்பிச் சொன்ன வாக்கியங்கள் பொது அல்ல. தென்னாப்பிரிக்கக் கதைசொல்லி க்சீனா ம்ஹ்லோபே சொல்லி எழுதிய கதையின் கரு பழையதாக இருக்கலாம், அந்த நடை அவருடையது.

தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து 50 ஆண்டு வரை உரிமை இருக்கும். மொழிபெயர்ப்பும் அந்த உரிமைக்குள்தான். ஜூலுக் கவிஞர் பி. டபிள்யூ. விலகாசி 1947ல் இறந்தார், அவர் எழுத்து இங்கே 1998 முதல் பொது. இந்தியாவில் கணக்கு 60 ஆண்டு. அங்கே அச்சிட்டு இங்கே கொண்டுவருவதாக இருந்தால் அதையும் பாருங்கள்.

உயிருடன் இருக்கும் எழுத்தாளர் வேண்டுமென்றால் திறந்த உரிமம் உள்ள இடத்துக்குப் போங்கள். கேப்டவுனில் 2014ல் தொடங்கிய புக் டேஷ் ஒரே நாளில், 12 மணி நேரத்தில், எழுத்தாளர், ஓவியர், வடிவமைப்பாளர் மூவரையும் சேர்த்து உட்காரவைத்து ஒரு படப்புத்தகத்தை முடிக்கிறது. அந்தப் புத்தகங்கள் கிரியேட்டிவ் காமன்ஸில் பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற உரிமத்தில் வருகின்றன. ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக் தளத்தில் ஜூலு மூலமே கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு கதைக்கும் உரிமத்தைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சிலவற்றில் 'வணிகமற்ற' என்ற சொல் கூட இருக்கும். உங்களுக்கு விற்பனை இல்லை, சரி. நாளைக்குக் கோயில் திருவிழாவில் பத்து ரேண்ட் வாங்கிக்கொண்டு கொடுத்தால் அது மீறல். 'வழிநூல் கூடாது' என்ற குறி இருந்தால் தொடவே வேண்டாம், மொழிபெயர்ப்பும் வழிநூல்தான். ஸ்டோரிவீவரில் (பெங்களூரு பிரதம் புக்ஸ், 2015) முதலில் தேடுங்கள். அங்கே ஏற்கனவே தமிழில் இருக்கும் ஒன்றை மறுபடி செய்து கைநோக வேண்டாம்.

#3 உம்கெனி
இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். நேராக எடுங்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை, வேலை சுலபம் என்பதால் சொல்கிறேன். ஜூலுவுக்கும் தமிழுக்கும் பொதுவாக உள்ளதை ஆங்கிலம் நடுவில் நின்று தின்றுவிடுகிறது.

ஒலிக்குறிப்புச் சொற்களைப் பாருங்கள். ஜூலுவில் 'உகுதி' என்றால் சொல்வது. அதை ஒலிக்குறிப்போடு சேர்த்தால் வினை ஆகிவிடும். 'உகுதி டு' என்றால் பேச்சுமூச்சில்லாமல் ஆவது. தமிழில் நாம் செய்வதும் இதேதான்: கம்மென்று, சட்டென்று, பளிச்சென்று. 'என்' என்பதும் சொல்வது என்ற வினைதானே. ஜூலுவில் ஒருத்தி 'டு' ஆனால் தமிழில் அவள் கம்மென்று ஆனாள், வேலை முடிந்தது. ஆங்கிலம் வழியாக வந்தால் 'அவள் அமைதியானாள்' என்ற உப்பில்லாத வாக்கியம்தான் கையில் கிடைக்கும்.

நிறமும் அப்படியே. 'ம்ஹ்லோபே க்வா' = வெள்ளை வெளேர். 'ம்ன்யாமா பூக்கெ' = கன்னங்கரேல். 'பொம்வு க்லேபு' = செக்கச்செவேல். ஆங்கிலத்தில் இவை எல்லாம் 'மிக வெள்ளை, மிகக் கருப்பு' என்று ஆகும், அதை மொழிபெயர்ப்பவரும் 'மிக' என்றே எழுதிவைப்பார்.

நிறத்தில் ஒரு பொறியும் உண்டு. 'லுஹ்லாஸா' என்பது பச்சைக்கும் நீலத்துக்கும் ஒரே சொல். பிரித்துச் சொல்ல வேண்டுமானால் 'புல்லின் லுஹ்லாஸா', 'வானத்தின் லுஹ்லாஸா' என்பார்கள். மூலத்தில் வெறும் லுஹ்லாஸா இருந்தால் படத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆங்கிலக்காரர் ஏற்கனவே ஒன்றை முடிவெடுத்திருப்பார், அது படத்தோடு பொருந்தாமலும் இருக்கும்.

விடைபெறும் சொல்: 'ஹம்பா காஹ்லே' (நல்லபடி போ) என்று இருப்பவர் சொல்வார், 'சாலா காஹ்லே' (நல்லபடி இரு) என்று போகிறவர் சொல்வார். தமிழில் 'போயிட்டு வா', 'போயிட்டு வரேன்'. இரண்டு மொழியிலும் யார் போகிறார், யார் நிற்கிறார் என்பது சொல்லிலேயே தெரியும். ஆங்கிலம் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். அங்கிருந்து எடுத்தால் வசனத்தில் யார் கிளம்புகிறார் என்றே குழப்பம் வரும்.

இன்னொன்று: மாமனார் பெயரையும் அந்தப் பெயரின் அசை வரும் சொற்களையும் மருமகள் வாயால் சொல்லாத வழக்கம், உகுஹ்லோனிபா. ஆங்கிலப் பதிப்பில் இதுக்கு அரைப் பக்க விளக்கம் இருக்கும். புருஷன் பெயரைச் சொல்லாத பாட்டிகள் இருந்த நம் வீடுகளில் ஒரு வரி போதும்.

நேராக எடுப்பதில் கஷ்டம் ஒன்றே ஒன்று. ஜூலு வினையில் 'அவன், அவள்' வித்தியாசம் கிடையாது. தமிழில் எழுதியே ஆக வேண்டும். பெயரும் படமும் துணை. அதுவும் போதாவிட்டால் 'பிள்ளை', 'குழந்தை' என்று எழுவாயை மாற்றி 'ஓடியது' என்று முடியுங்கள். குழந்தைக்கு 'அது' சொல்வது தமிழில் செல்லம்தான், குறை இல்லை.

#4 கடலோரம்
அக்கா சொல்வதெல்லாம் சரி. ஆனால் ஒரு சந்தேகம். ஜூலுக் கதையில் தந்திரக்காரன் சகிஜானா. ஆங்கிலத்தில் சிலர் முயல் என்கிறார்கள், சிலர் வீசல் (ஐரோப்பாவின் மெல்லிய சிறு வேட்டைப்பிராணி) என்கிறார்கள். நம் பிள்ளைக்குத் தந்திரம் என்றால் நரி. நரி என்றே போட்டுவிட்டால் முதல் பக்கத்திலேயே புரிந்துவிடுமே?

#5 உம்கெனி
தம்பி, இந்த இடத்தில்தான் நேராக எடுப்பதன் லாபம் தெரியும். சகிஜானா என்பது கீரி. மெல்லிய உடலும் கருத்த வால்நுனியும் உள்ள கீரி. நேட்டாலில் சாலையைக் குறுக்கே ஓடிக் கடப்பதைப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் பேர் தடுமாறுகிறது, தமிழில் தடுமாற வேலையே இல்லை.

உண்மையான சிக்கல் வேறு. தமிழில் கீரிப்பிள்ளை என்றதும் தொட்டில் பிள்ளையைப் பாம்பிடமிருந்து காப்பாற்றி, அவசரக்காரத் தாயின் கையால் செத்த விசுவாசப் பிராணிதான் நினைவில் வரும். இங்கே அதே கீரி எல்லாரையும் ஏமாற்றுகிறது. அந்த இடறல் இருக்கட்டும். பிள்ளை 'கீரி நல்லதுதானே?' என்று கேட்டால் வகுப்பில் அரைமணி நேரம் பேசலாம். நரி போட்டால் அந்தக் கேள்வியே வராது, படத்திலோ கீரி நிற்கும்.

நரிதான் வேண்டுமென்றால் இந்நாட்டின் இன்னொரு தொல்குடியான கோய் மக்களின் கதைகளுக்குப் போங்கள். அங்கே தந்திரக்காரன் உண்மையிலேயே நரி, முதுகு கருத்த நரி. 1864ல் ஜெர்மானிய மொழியியலாளர் வில்ஹெல்ம் பிளீக் அக்கதைகளை வெளியிட்டபோது ஐரோப்பிய வாசகருக்காக 'தென்னாப்பிரிக்காவில் ரேனார்ட்' என்று அவர்கள் ஊர்த் தந்திரக்காரனின் பெயரைத் தலைப்பில் வைத்தார். தமிழில் நரி என்று எழுதினால் மூலத்துக்கு அந்தத் தலைப்பைவிடப் பக்கத்தில் நிற்போம்.

#6 சென்னைவாசகன்
இழையை வெளியிலிருந்து படிக்கிறேன், மன்னிக்கவும். ஜூலு தெரிந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர் எத்தனை பேர்? ருஷ்ய இலக்கியத்திலும் நிறைய நமக்கு ஆங்கிலம் வழியாகத்தான் வந்தது, தலைமுறைகளே படித்து வளர்ந்தன. தூய்மை பார்த்தால் வேலை நடக்காது. அப்புறம் கடைசிப் பக்கத்தில் ஒரு சொல்லடைவு போட்டுவிட்டால் சங்கோமா (குறிசொல்லி வைத்தியர்), அமாசி (புளித்த பால்) எல்லாம் விளங்கிவிடும்.

#7 உம்கெனி
அண்ணா, இங்கே நிலைமை தலைகீழ். நாவலைப் பற்றிப் பேசவில்லை. ஒரு பக்கத்துக்கு மூன்று வரி உள்ள கதை. ஜூலு தெரிந்த அயலார் அடுத்த தெருவில் இருக்கிறார், பிள்ளைகளே பள்ளியில் ஜூலு படிக்கிறார்கள். தனியாக ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை, இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் போதும். செய்யும் முறை:

ஜூலு தெரிந்தவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில் சத்தமாகப் படிக்கிறார், நீளமும் ஏற்ற இறக்கமும் காதில் விழ. பிறகு சொல்லுக்குச் சொல் அர்த்தம். தமிழ் எழுதுபவர் மூன்று பத்தி வைத்துக்கொள்ள வேண்டும்: மூலம், சொல்பொருள், தமிழ். ஆங்கிலப் பதிப்பை மூடிவையுங்கள். கடைசியில் மட்டும் திறந்து, எங்கே வித்தியாசம் வருகிறதோ அங்கே மறுபடி கேளுங்கள். ஐயம் வந்தால் டோக், விலகாசி இருவரும் தொகுத்து 1948ல் வந்த ஜூலு அகராதி. ஒலிக்குறிப்புச் சொற்களைத் தனியாகக் குறித்திருப்பார்கள். அதில் சொல்லை முன்னொட்டோடு தேடினால் கிடைக்காது, வேர்ச்சொல்லில் தேட வேண்டும். 'உகுஹம்பா'வுக்கு 'ஹம்பா'. பலர் இங்கேதான் அகராதியை மூடிவிடுகிறார்கள்.

பயிற்சிக்குப் பாதிரியார் ஹென்றி காலவே 1868ல் வெளியிட்ட தொகுப்பு நல்லது. ஒரே பக்கத்தில் ஜூலுவும் ஆங்கிலமும் அக்கம்பக்கமாக. அவர் 1890ல் இறந்துவிட்டார், உரிமைச் சிக்கல் இல்லை. முதல் கதையே ஹ்லகன்யானா, சகிஜானாவின் கூட்டாளி மாதிரி, சில சொல்முறைகளில் அவனேதான். பழைய எழுத்துக்கூட்டல், இன்றைய பள்ளி ஜூலுவோடு ஒத்துப்போகாது. ஆங்கிலமும் பாதிரியார் ஆங்கிலம். கதை சொன்னவர் பெயரைப் பல கதைகளோடு அச்சிட்டிருக்கிறார், அதை விடாமல் எழுதுங்கள்.

சொல்லடைவு வேண்டாம். எட்டு வயதுப் பிள்ளை கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிட்டுத் திரும்பி வராது. பொருள் வாக்கியத்துக்குள்ளேயே இருக்கட்டும்: 'பாட்டி குடுவையைச் சாய்த்தாள், புளித்துக் கெட்டியான அமாசி தொப்பென விழுந்தது.' சங்கோமாவை 'மந்திரவாதி' என்று எழுதினால் படம் வேறு மனுஷரைக் காட்டும். சங்கோமா என்றே வைத்து, அவர் முன்னோரிடம் கேட்டுச் சொல்வதைக் காட்டுங்கள். உபூத்துவுக்கு விளக்கமே தேவையில்லை. உதிரி உதிரியாக வெந்த சோளமாவு. படத்தைப் பார்த்ததும் பிள்ளை 'புட்டு' என்று கத்தும். பெயர் ஒற்றுமை தற்செயலாகவே இருக்கட்டும், வகுப்புக்கு லாபம்.

#8 டோங்காட்_கரும்பு
எழுத்துக்கு வருகிறேன். சொடுக்கொலி மூன்று. நம் வாயில் மூன்றும் ஏற்கனவே இருக்கிறது, எழுத்துத்தான் இல்லை.

ரோமன் எழுத்தில் 'சி' (c): நுனிநாக்கு மேற்பல்லில் ஒட்டிப் பிரியும். ஐயோ பாவம் என்று 'ச்சொ ச்சொ' கொட்டுகிறோமே, அதுவே. 'எக்ஸ்' (x): நாக்கின் பக்கவாட்டில், வண்டிமாட்டை ஓட்டும் ஒலி. 'க்யூ' (q): அண்ணத்தில் ஒட்டிய நாக்கைக் கீழே அறைந்து 'டொக்' என்பது. ஆசிரியர் குறிப்பில் இந்த மூன்று வாக்கியமும் போதும். பிள்ளைகள் பள்ளியில் ஏற்கனவே பழகிவிட்டார்கள், திணறப்போவது நாம்தான்.

கதைக்குள் எழுதும்போது 'சி'க்குச் ச, மற்ற இரண்டுக்கும் க. எழுத்தின் தலையில் ஒரு சிறு வட்டம். வட்டம் பார்த்தால் சொடுக்கு. புள்ளி வைக்காதீர்கள், மெய்யெழுத்து என்று படித்துவிடும்.

இதைவிட அதிகம் கெடுவது சொடுக்கு இல்லாத எழுத்துகள். ஜூலுவில் 'பி'யும் 'ஹெச்'சும் (ph) சேர்ந்தால் அது ஃப அல்ல, மூச்சோடு வரும் ப. உபூத்துவை 'உஃபூத்து' என்று எழுதியவர்கள் ஆங்கிலக் கண்ணால் படித்தவர்கள். 'டி'யும் 'ஹெச்'சும் (th) சேர்வதும் அப்படியே. அதில் இன்னொரு வம்பு: தாண்டி என்று ஒரு பெண் பெயர். 'தாண்டி ஓடினாள்' என்று எழுதினால் எதைத் தாண்டினாள் என்று பிள்ளை தேடும். 'தான்டி' என்று ன் போட்டு எழுதுங்கள். சொல்லின் கடைசிக்கு முந்திய உயிர் நீளும்: சகிஜானா, இயபேலா (முடிகிறது). அங்கே நெடில் போட்டால் உச்சரிப்பு தானாக வரும். அழைக்கும்போது ஜூலுப் பெயரின் முதல் உயிர் விழுந்துவிடும், 'உசகிஜானா' கூப்பிடும்போது 'சகிஜானா!'. தமிழில் எங்கும் விளிவடிவையே வைத்தால் ஒரே பெயராக இருக்கும்.

#9 மரிட்ஸ்பர்க்_மழை
சான் மக்களின் கதைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அங்கே சட்டம் ஒன்று, முறை வேறு.

1871ல் கேப்டவுன் பிரேக்வாட்டர் சிறையில் கைதியாக இருந்த கப்போ என்ற முதியவர் மௌப்ரேயில் உள்ள பிளீக்கின் வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். அவரும் மற்றும் சிலரும் சொன்னதைப் பிளீக்கும் அவர் மைத்துனி லூசி லாய்டும் எழுதினார்கள். பிளீக் 1875ல் இறந்த பிறகு லாய்டு தொடர்ந்தார். சுமார் 12,000 பக்கம் குறிப்பேடு, 1997ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தது. லாய்டின் தொகுப்பு 1911ல் வந்தது. அந்தத் தொகுப்பு உரிமைக்காலம் கடந்தது. ஆனால் கப்போ பேசிய ஃகாம் மொழியைப் பேச இன்று ஒருவரும் இல்லை. (முதலில் ஒரு சொடுக்கு, அடுத்து தொண்டையில் உரசும் ஒலி. ஆய்தத்துக்கு இப்படி ஒரு வேலை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்.) 2000ல் ஏற்ற நாட்டுச் சின்னத்தின் வாசகம் அந்த மொழியில்தான் இருக்கிறது.

சான் மக்கள் 2017ல் தங்களிடம் வரும் ஆய்வாளர்களுக்கு ஒரு நெறிமுறை வெளியிட்டார்கள்: மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை, உரிய நடைமுறை. வாசல் வழியாக வாருங்கள், ஜன்னல் வழியாக வராதீர்கள் என்பது அவர்கள் தலைவர்கள் சொல்லும் பேச்சு. வகுப்புப் புத்தகம் ஆய்வல்ல. ஆனாலும் குறைந்தது மூன்று: கதை சொன்னவர் பெயர் அட்டையில் வர வேண்டும், 'பிளீக் எழுதிய கதை' என்று போடாதீர்கள். எந்தக் குறிப்பேட்டிலிருந்து என்று எழுதுங்கள். வேட்டைச் சடங்கு, மழைச் சடங்கு உள்ள பகுதிகளைச் சிறுவர் கதையாக வெட்டாதீர்கள்.

'புஷ்மன்' என்று அவர்களுக்கு இருந்த பழைய ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'புதர்மனிதர்' என்று எழுதவே கூடாது. சான் என்று எழுதுங்கள், இன்னும் நல்லது குழுப்பெயர். பொதுச்சொல் வேண்டுமானால் தொல்குடி, 'காட்டுவாசி' வேண்டாம்.

மொழிபெயர்க்கும்போது இரண்டு இடத்தில் கை நிற்கும். ஒன்று ககென். தந்திரமும் படைப்பும் சேர்ந்த நாயகன், ஒரு பூச்சி. தமிழில் அதற்குப் பெயர் கும்பிடுபூச்சி. நம் சொல்லில் அது கும்பிடுகிறது. கதையிலோ திருடும், பொய் சொல்லும், அடிவாங்கும், செத்தும் எழும். முதல்முறை 'கும்பிடுபூச்சி ககென்' என்று சொல்லிவிட்டுப் பிறகு ககென் மட்டும். சாமியாக்காதீர்கள்.

இன்னொன்று நிலா. ஃகாம் கதையில் நிலா என்பது ககென் வானத்தில் எறிந்த செருப்பு, ஆண். சந்திரன் என்று எழுதினால் 27 மனைவியரும் தட்சன் சாபமும் கூடவே வந்துவிடும். 'நிலா' என்று வைத்து 'நிலா சொன்னான்' என்று எழுதலாம், காதுக்குக் கொஞ்சம் உறுத்தும், உறுத்தட்டும். நிலாவும் முயலும் வரும் கதை தமிழ்ப் பிள்ளைக்கு இரட்டை ருசி. நமக்கு நிலாவில் இருக்கும் கறை முயல். கோய், சான் கதையில் 'நான் தேய்ந்து வளர்வதுபோல மனிதரும் செத்து எழுவர்' என்ற சேதியை முயல் குழப்பிவிட, நிலா அதன் வாயில் அடித்து உதடு பிளந்தது. முதலில் இதைச் செய்யுங்கள், 16 பக்கத்துக்கு அளவெடுத்ததுபோல் இருக்கும்.

இன்று வாழும் சான் மொழி வேண்டுமென்றால் ங்-உ என்ற மொழி: அப்பிங்டன் பக்கத்து கத்ரீனா ஈசாவ் பாட்டி சொன்ன ஆமை, நெருப்புக்கோழி கதை 2021ல் அவர் மொழியிலும் ஆஃப்ரிகான்ஸிலும் ஆங்கிலத்திலும் புத்தகமாக வந்தது. அது பதிப்புரிமை உள்ள புத்தகம். வாங்கி அடுக்கில் வையுங்கள், நகலெடுக்காதீர்கள்.

போகிற போக்கில்: இந்நாட்டின் 1996 அரசியலமைப்பில் மொழிகள் பற்றிய 6(5) பிரிவைப் படியுங்கள். கோய், நாமா, சான் மொழிகளும் தமிழும் ஒரே பிரிவில்தான் வருகின்றன.

#10 கடலோரம்
மாவோரி, கனடா? பெரியவர்கள் படிக்கவும் ஏதாவது சொல்லுங்கள்.

#11 நூலடுக்கு
இவற்றை மொழிபெயர்க்காதீர்கள், ஆங்கிலத்திலேயே வாங்கி வையுங்கள். பதிப்பகத்துக்கு எழுதி, மொழி, பிரதி எண்ணிக்கை, எந்த நாடு, எத்தனை ஆண்டு, விற்பனை உண்டா என்ற ஐந்தையும் முதல் கடிதத்திலேயே சொன்னால்தான் பதில் வரும். ஓவியருக்குத் தனி அனுமதி வேண்டியிருக்கும். 60 பிரதிக்கு அந்த அலைச்சல் மிஞ்சும்.

பாட்ரிசியா கிரேஸ் எழுதி ராபின் கஹுகிவா வரைந்த கிழவியும் சிலந்தியும் புத்தகம், 1981. யார் நன்றாக நெய்கிறார் என்று பாட்டியும் சிலந்தியும் சண்டை. மாவோரி மொழியிலும் வந்தது. அவரே பெரியவர்களுக்கு எழுதிய 'போடிகி' (1986) நாவலில் மாவோரிச் சொற்களுக்கு அடைவும் இல்லை, சாய்வெழுத்தும் இல்லை. உம்கெனி அக்கா சொல்லடைவு வேண்டாம் என்பது புதுச் சண்டை அல்ல என்று சென்னைவாசகனுக்குத் தெரியட்டும்.

கனடாவில் டேவிட் ஏ. ராபர்ட்சன் எழுதி ஜூலி ஃப்ளெட் வரைந்த 'வென் வி வேர் அலோன்' (2016). பேத்தி கேட்கிறாள், பாட்டி ஏன் இத்தனை வண்ண உடை, ஏன் நீள முடி என்று. ஒவ்வொரு பதிலும், தொல்குடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளியில் பறிக்கப்பட்ட ஒன்று. க்ரீ மொழிச் சொற்கள் அப்படியே வரும். மொழி பேசினால் தண்டனை என்ற இடத்தைத் தமிழ் வகுப்பில் வாசிக்கும்போது ஆசிரியர் முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவில் கரோல் லின்ட்ஸ்ட்ராம் எழுதிய நீர்க்காவலர் கதை. அதன் ஓவியர் மிகேலா கோடுக்கு 2021ல் படப்புத்தக ஓவியருக்கான கால்டிகாட் பரிசு, அதை வாங்கிய முதல் அமெரிக்கத் தொல்குடி ஓவியர்.

பெரியவர்களுக்கு ஒருவரே போதும்: ஆஸ்திரேலியாவின் வான்யி இனத்து அலெக்சிஸ் ரைட். 'கார்பென்டேரியா' 2007லும் 'ப்ரெய்ஸ்வொர்தி' 2024லும் மைல்ஸ் ஃபிராங்க்ளின் பரிசு பெற்றன. முதலாவதில் தொடங்குங்கள், இரண்டாவது தலையணை. ஆஸ்திரேலியத் தொல்குடிப் புத்தகம் எதையும் பிள்ளைக்குக் கொடுக்குமுன் முன்பக்கத்தில் இறந்தவர் பெயர், படம் பற்றிய எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். அது அலங்காரம் அல்ல, பல குடிகளின் துக்க வழக்கம்.

#12 அச்சுக்கோப்பு
அச்சு. சுருக்கமாக.

16 பக்கம் ஏ5 என்றால் ஏ4 தாள் 4, அட்டைக்கு 1. 600 புத்தகத்துக்கு உள்தாள் 2400. 500 தாள் கட்டு 5 வாங்கினால் கழிவுக்கு 100தான் மிஞ்சும், அது பத்தாது, 6 வாங்குங்கள். உள்ளே 120 ஜிஎஸ்எம் (தாளின் கனம்). 80ல் வண்ணம் மறுபக்கம் தெரியும். அட்டை 250. மடிக்கும் முன் மடிப்புக்கோடு அழுத்தாவிட்டால் முதுகில் மை வெடித்து வெள்ளைக் கோடு விழும். சாதாரண ஸ்டேப்லர் நடுவுக்கு எட்டாது, 15 செ.மீ.க்கு மேல் எட்டும் நீள ஸ்டேப்லர் வேண்டும். பின்னை அட்டைப் பக்கத்திலிருந்து அடியுங்கள், கால் உள்ளே மடியும்.

எழுத்துத்தான் எமன். புக் டேஷ் கோப்பை இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் திறந்து தமிழை ஒட்டினால் 'கொ' என்பது க, கொம்பு, கால் எனத் தனித்தனியாகச் சிதறும். எழுத்துரு தப்பில்லை. பத்தி அமைப்பில் அடோபி வேர்ல்ட்-ரெடி காம்போசரைத் தேர்ந்தால் சரியாகிவிடும். பழைய தட்டச்சு முறை எழுத்துருவில் வந்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றாமல் தொடாதீர்கள். கேட்டமரன் (Catamaran), நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு இரண்டும் இலவசம். 18 பாயின்ட், வரி இடைவெளி ஒன்றரை. ஆங்கிலத்தில் இரண்டு வரி இருந்த பெட்டியில் தமிழ் மூன்று வரி கேட்கும். எழுத்தைச் சிறிதாக்காமல் வாக்கியத்தைக் குறையுங்கள். வரி முடிவில் சொல் உடையக் கூடாது, எழுத்துக் கூட்டும் பிள்ளை அடுத்த வரியைப் புதுச் சொல்லாகப் படிக்கும். டோங்காட் அண்ணா சொன்ன வட்டத்தை ஒரு எழுத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். பல எழுத்துருவில் அது பக்கத்து எழுத்தின் மேல் போய் உட்காரும்.

#13 சனிவகுப்பு
நன்றி. முதல் புத்தகம் நிலாவும் முயலும், இரண்டாவது கீரி. பெயர்ப்பக்கம் இப்படி எழுதியிருக்கிறேன், சரியா? 'சகிஜானா. மூலம்: ஜூலு. எழுத்து, ஓவியம், வடிவமைப்பு: (மூவர் பெயர்). தமிழில்: (எங்கள் பெயர்). உரிமம்: கிரியேட்டிவ் காமன்ஸ், பெயர் குறிப்பிடுதல் 4.0.'

#14 நூலடுக்கு
இரண்டு விடுபட்டிருக்கிறது. ஜூலுவைப் படித்துச் சொன்னவர் பெயரும் 'தமிழில்' என்பதற்குக் கீழே வர வேண்டும், அவர் உதவியாளர் அல்ல. பக்கம் குறைத்தது, வாக்கியம் சுருக்கியது எல்லாம் 'மாற்றங்களுடன்' என்று ஒரு சொல்லில் உரிமத்துக்குப் பக்கத்தில் போட வேண்டும், அது நிபந்தனை. ஐஎஸ்பிஎன் தேசிய நூலகத்தில் இலவசம். சட்டப்படி பிரதி பெறும் ஐந்து நூலகங்களில் ஒன்று மரிட்ஸ்பர்க்கின் ம்சுன்டூசி நூலகம், நேரிலேயே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

#15 உம்கெனி
முதல் பக்கத்தில் 'ஒரு ஊரிலே' வேண்டாம். ஜூலுவில் சொல்பவர் 'க்வெசுகெசுகேலா' என்றதும் கேட்பவர் 'சோசி!' என்று சொடுக்கோடு பதில் கொடுப்பார்கள். முடிவில் 'சோசி சோசி இயபேலா'. மூன்றையும் அப்படியே தமிழ் எழுத்தில் போட்டு, 'சோசி'யைப் பெரிய எழுத்தில் தனி வரியாக விடுங்கள், பிள்ளைகள் கத்த. கதை இரவில்தான் சொல்ல வேண்டும், பகலில் சொன்னால் தலையில் கொம்பு முளைக்கும் என்றும் ஒரு பேச்சு உண்டு.

#16 சனிவகுப்பு
வகுப்பு காலை ஒன்பது மணிக்கு அக்கா.

#17 உம்கெனி
அப்போ திரைச்சீலையை இழுத்துவிடுங்கள்.